கருமருந்து ரிவால்வர் சேகரிப்பும் சீரமைப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் கருமருந்து ரிவால்வர் வாங்கிச் சேர்ப்பவர்கள், தங்களுக்கு ஏற்றபடி அதைச் சீரமைத்துக்கொள்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. எளிய கேள்விகள் முதலில் வரும், சிக்கலானவை பின்னால் வரும். ஒரு பதிலில் சொன்னது அடுத்ததில் திரும்ப வராது. கேள்வி எண் மட்டும் வரும்.

1. கருமருந்து ரிவால்வர்னா என்ன? சாதாரண ரிவால்வருக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

சாதாரண ரிவால்வரில் மருந்து, குண்டு, தீமூட்டி மூன்றும் ஒரே தோட்டாவுக்குள் இருக்கும். இதில் மூன்றும் தனித்தனி. சிலிண்டரின் ஒவ்வொரு அறையிலும் முன்பக்கமாகக் கருமருந்தைக் கொட்டி, அதன்மேல் ஈயக்குண்டை வைத்து, குழலுக்குக் கீழே தொங்கும் நெம்புகோலால் அழுத்தி இறக்க வேண்டும். அறையின் பின்பக்கம் நிப்பிள் என்ற சிறு முளை இருக்கும். அதன்மேல் தீமூட்டியான சிறு செப்புக் கேப்பை மாட்டுவார்கள். விசையை இழுத்ததும் 'குதிரை' எனப்படும் சுத்தி கேப்பை அடிக்கும்போது தீப்பொறி நிப்பிளின் துளை வழியாக மருந்துக்குப் போகிறது.

சாமுவேல் கோல்ட் தன் ரிவால்வருக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றது 1836இல். அந்த வகையின் பொற்காலம் 1847இன் வாக்கர் மாடலில் தொடங்கி 1873இல் தோட்டா போடும் கோல்ட் வரும்வரை நீடித்தது. இன்று கடையில் கிடைப்பவை அனேகமாக இத்தாலியின் பிரெஷா மாவட்டத்தில் செய்யப்படும் நகல்கள். உபெர்ட்டி, பியெட்டா என்ற இரண்டு பெயர்களைத்தான் அதிகம் கேட்பீர்கள்.

2. முதல்ல எதை வாங்கறது? கோல்ட்டா, ரெமிங்டனா?

சுடுவதுதான் முக்கியம் என்றால் எஃகுப் பிரேம் (சட்டகம்) போட்ட ரெமிங்டன் நியூ மாடல் ஆர்மி .44 (பெயரளவில் குழலின் விட்டம் 0.44 அங்குலம்). சந்தையில் அதை '1858 ரெமிங்டன்' என்பார்கள். அது காப்புரிமை பெற்ற ஆண்டு. நியூ மாடல் ஆர்மி தொழிற்சாலையை விட்டு வெளிவந்தது அமெரிக்க உள்நாட்டுப் போரின் நடுவில். சிலிண்டருக்கு மேலே பிரேம் மூடியிருப்பதால் உறுதி அதிகம். குழல் பிரேமிலேயே திருகப்பட்டிருக்கும், அதனால் ஆட்டம் இல்லை. நிப்பிள்களுக்கு இடையில் வெட்டியிருக்கும் பள்ளங்களில் குதிரையை இறக்கி வைக்கலாம்.

கையில் எடுத்ததும் மனசுக்குப் பிடிப்பது கோல்ட் 1851 நேவி அல்லது 1860 ஆர்மி. பிடியின் வளைவு அவ்வளவு இயல்பாக உள்ளங்கையில் உட்காரும். சிலிண்டர் சுற்றும் அச்சுத்தண்டு தடிமனானது, கிரீஸ் தங்குவதற்கு வரிப்பள்ளமும் உண்டு. அதனால் கரி படிந்தாலும் ரெமிங்டனைவிட நீண்ட நேரம் சுற்றும். ஆனால் குழலைப் பிரேமோடு பிடித்து வைத்திருப்பது ஓர் ஆப்பு மட்டுமே. அந்த ஆப்பின் கதை 11ஆம் கேள்வியில்.

3. பித்தளைப் பிரேம் விலை கம்மியா இருக்கே, அதையே வாங்கிடலாமா?

சுவரில் மாட்ட வாங்கலாம். அடிக்கடி சுடுவதற்கு வேண்டாம். ஒவ்வொரு வெடிப்பிலும் சிலிண்டர் பின்னால் மோதி, பித்தளையில் தன் அச்சைப் பதிக்கும். கோல்ட் வகையில் அச்சுத்தண்டு திருகியிருக்கும் மரையும் மெல்ல இழுபட்டுத் தளரும். பிறகு சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே இடைவெளி கூடும், குதிரை கேப்பை முழு வேகத்தில் எட்டாது. ஏற்கெனவே வாங்கிவிட்டால் .44இல் 15 முதல் 20 கிரெய்ன் (1 முதல் 1.3 கிராம்) மருந்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வரலாற்றுக்காகச் சேர்ப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உள்நாட்டுப் போரில் தென்மாநிலங்களின் கிரிஸ்வோல்ட் அண்டு கன்னிசன் பித்தளைப் பிரேம் போட்டது உண்மை, அது .36. பித்தளைப் பிரேமில் '.44 நேவி' என்று அன்று எதுவும் இருந்ததில்லை. பித்தளைப் பிரேம் ரெமிங்டனும் அப்படியே. அவை இன்றைய சந்தைக்காகச் செய்யப்பட்டவை.

4. லைசென்ஸ் வேணுமா? இந்தியாவுக்கு ஒண்ணு கொண்டு வரலாமா?

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம், 1968இன் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, 1898 வரை செய்யப்பட்டவற்றையும் முன்பக்கம் நிரப்பும் கருமருந்து நகல்களையும் 'பழம்பொருள்' என்று தனியாக வைக்கிறது. மாநிலச் சட்டமும் நகரச் சட்டமும் வேறாக இருக்கலாம், வாங்குவதற்கு முன் பார்த்துவிடுங்கள். கனடாவில் இருப்பவர்கள் அமெரிக்க நண்பர்களின் பேச்சை நம்பி இறங்க வேண்டாம். அங்கே நகல் ரிவால்வர் பதிவுக்கு உட்பட்ட கைத்துப்பாக்கி. 2022 அக்டோபரிலிருந்து கைத்துப்பாக்கி வாங்குவதும் விற்பதும் பொதுமக்களுக்கு முடக்கப்பட்டுள்ளது.

இந்தியாவின் 1959 ஆயுதச் சட்டத்தில் கருமருந்து ரிவால்வருக்கென்று தனிச் சலுகை கிடையாது. பழுது பார்த்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்குத்தான் விலக்கு. பெட்டியில் வைத்துக் கொண்டுவரும் எண்ணமே வேண்டாம். துப்பாக்கியைப் பழுது பார்க்கவும் மாற்றி அமைக்கவும் அங்கே தனி உரிமம் வேண்டும் என்பதால், கீழே சொல்லும் சீரமைப்பு வேலைகள் இந்தியாவில் வீட்டில் செய்யக்கூடியவை அல்ல.

5. எவ்வளவு மருந்து, என்ன சைஸ் குண்டு?

மருந்து மூன்று எஃப் எனப்படும் நைசான கருமருந்து. .44க்கு 25 முதல் 30 கிரெய்ன், அதாவது 1.6 முதல் 1.9 கிராம். .36க்கு 15 முதல் 20 கிரெய்ன். வாக்கரின் அறை 60 கிரெய்ன்வரை கொள்ளும் என்று பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் அன்றைய வாக்கர்களின் சிலிண்டர்கள் வெடித்துச் சிதறியதும் வரலாறுதான். குறிபார்த்துச் சுட 30 கிரெய்னே தாராளம். மருந்தைப் பித்தளை அளவைக் குப்பியால் அளந்து போடுங்கள். புட்டியிலிருந்து நேரடியாக அறைக்குள் கொட்டாதீர்கள். உள்ளே கங்கு மிச்சமிருந்தால் புட்டியே வெடிக்கும். மாற்று மருந்தான டிரிபிள் செவன் போடுவதானால் கன அளவில் 15 சதவீதம் குறையுங்கள்.

குண்டு சுத்தமான மென்மையான ஈயம். பியெட்டா .44க்கு 0.451 அல்லது 0.454 அங்குலம், .36க்கு 0.375. அளவு சரியா என்பதை அறையே சொல்லிவிடும்: குண்டை அழுத்தும்போது அறை வாயில் முழு வட்டமாக ஒரு மெல்லிய ஈய வளையம் சீவி விழ வேண்டும். வளையம் பாதியாக வந்தாலோ வராமலே போனாலோ அடுத்த பெரிய அளவுக்குப் போங்கள்.

6. நிரப்பற வரிசை என்ன?

முதலில் எல்லா நிப்பிளிலும் வெறும் கேப் மாட்டி, குழலைத் தரையிலுள்ள புல்லுக்கு நேராகப் பிடித்துச் சுடுங்கள். புல் அசைந்தால் துளை திறந்திருக்கிறது, உள்ளே இருந்த எண்ணெயும் எரிந்துவிட்டது. பிறகு குதிரையைப் பாதியில் நிறுத்தி, ஒவ்வோர் அறைக்கும் மருந்து, கிரீஸ் தோய்த்த கம்பளி வட்டு, குண்டு என்று போட்டு அழுத்துங்கள். குண்டுக்கும் மருந்துக்கும் நடுவில் காற்று நிற்கக் கூடாது, நின்றால் அழுத்தம் தாறுமாறாக ஏறும். வட்டு இல்லையென்றால் குண்டின்மேல் கிரீஸைப் பூசி அறை வாயை மூடுங்கள். தேன்மெழுகும் ஆட்டுக்கொழுப்பும் சம எடையில் உருக்கிய கிரீஸ் நன்றாக வேலை செய்யும். கோடையில் மெழுகைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

கேப் மாட்டுவது கடைசி வேலை, அதுவும் சுடும் இடத்தில் நின்று குழலை இலக்கின் பக்கம் வைத்தபடி. கோல்ட் வகையில் ஐந்து அறை மட்டும் நிரப்பி, வெறும் அறைமேல் குதிரையை இறக்கி வையுங்கள்.

7. புகையில்லா மருந்து துளியூண்டு கலந்தா புகை குறையுமே?

கூடாது. துளியும் கூடாது. இன்றைய தோட்டாக்களில் இருக்கும் புகையில்லா மருந்தின் அழுத்தம் இந்தச் சிலிண்டர்கள் தாங்கும் எல்லைக்கு வெளியே இருக்கிறது. சிலிண்டர் பிளந்து, மேலே உள்ள பிரேமோ குழலோ முகத்துக்கு வரும். கருமருந்து, அல்லது கருமருந்துக்கு மாற்று என்று டப்பாவிலேயே அச்சிட்ட மருந்து, இவை இரண்டைத் தவிர வேறெதுவும் அறைக்குள் போகக் கூடாது.

8. ஒரு தடவை சுட்டா பக்கத்து அறைகளும் சேர்ந்து வெடிக்கும்ங்கறாங்களே, அது ஏன்?

இதைச் சங்கிலி வெடிப்பு என்பார்கள். தீ பக்கத்து அறைக்குப் போக இரண்டு வழி. ஒன்று முன்பக்கம்: குண்டு தளர்வாக இருந்து, அறைச் சுவருக்கும் அதற்கும் நடுவில் பொறி நுழைவது. 5ஆம் கேள்வியில் சொன்ன ஈய வளையம் முழுதாக வந்தால் இந்த வழி அடைபட்டுவிடும். இன்னொன்று பின்பக்கம்: கேப் தளர்வாக இருந்து கழன்று விழ, வெறும் நிப்பிள் வழியாகப் பொறி போவது.

கிரீஸ் பூசிவிட்டோம், இனிப் பயமில்லை என்று இருந்துவிடுகிறார்கள் பலர். கிரீஸ் கரியை மென்மையாக வைக்கத்தான் முக்கியமாக உதவும். முதல் குண்டின் சூட்டிலேயே பக்கத்து அறையின் கிரீஸ் பாதி வழிந்துவிடும். காப்பாற்றுவது பொருத்தமான குண்டும் இறுக்கமான கேப்பும்தான்.

9. கேப் உடைஞ்சு உள்ள விழுந்து மாட்டிக்குது. என்ன பண்ணலாம்?

கோல்ட் வகையின் தீராத தொல்லை இது. வெடித்த கேப்பின் துண்டு குதிரைக்கும் பிரேமுக்கும் நடுவிலுள்ள பிளவில் விழுந்து, குதிரை முழுதாக இறங்காமல் செய்துவிடும். முதல் தீர்வு கேப்பின் அளவு. 10, 11 என்ற இரண்டு எண்களில் எது உங்கள் நிப்பிளில் கட்டைவிரல் அழுத்தத்துக்கு முழுதாக இறங்கி, தலைகீழாகப் பிடித்தாலும் விழாமல் நிற்கிறதோ அதுதான் உங்களுக்கு. பெரிய கேப்பைக் கிள்ளி ஓவலாக்கி மாட்டுவது அவசரத்துக்குச் சரி, வழக்கமாக வேண்டாம். மாட்டியபின் மரக்குச்சியால் அழுத்தி உட்கார வையுங்கள். முழுதாக உட்காராத கேப்பை முதல் அடி உட்கார மட்டும் வைக்கும், வெடிக்காது.

அளவு சரியாக இருந்தும் மாட்டினால் நிப்பிளைப் பாருங்கள். அதன் தீத்துளை தேய்ந்து அகன்றிருந்தால் அறையின் அழுத்தம் பின்னால் பீறிட்டுக் குதிரையையே தூக்கும், கேப் சிதறும். நல்ல எஃகு நிப்பிள் ஆறு வாங்கி மாற்றுங்கள். இன்றைய இத்தாலிய நகல்களில் பெரும்பாலும் 6 மி.மீ. விட்டம், 0.75 மி.மீ. பிட்ச் மரை இருக்கும். பழைய நகல் என்றால் அளந்தே வாங்க வேண்டும். சுடும்போது அடுத்த முறை குதிரையை இழுக்கையில் குழலை மேல்நோக்கிச் சற்றுச் சாய்த்தால் உடைந்த துண்டு வெளியே விழும். பழைய குதிரைப்படை வீரர்களின் பழக்கம் அது.

10. எப்படிக் கழுவறது? எண்ணெய் மட்டும் போட்டா போதாதா?

போதாது. கருமருந்து விட்டுப்போகும் உப்புகள் காற்றின் ஈரத்தை இழுத்து ஒரே இரவில் இரும்பை அரிக்கும். எண்ணெயில் அவை கரையாது, தண்ணீரில்தான் கரையும். மரப்பிடியைக் கழற்றி வைத்துவிட்டு, சிலிண்டரையும் குழலையும் வெந்நீரும் பாத்திரம் தேய்க்கும் சோப்பும் விட்டுப் பிரஷ்ஷால் தேயுங்கள். ஆறு நிப்பிளையும் சாவியால் கழற்றித் துளைகளைத் தனியே சுத்தம் செய்யுங்கள். நன்றாகத் துடைத்து, சூட்டில் உலர்த்தி, பிறகு பாலிஸ்டால் போன்ற எண்ணெய் தடவுங்கள். நிப்பிள் மரையில் இறுகிப் பிடித்துக்கொள்ளாமலிருக்க உதவும் களிம்பு ஒரு துளி வைத்துக் கைப்பிடி இறுக்கத்துக்கு மட்டும் திருகுங்கள். மறுநாள் ஒரு வெள்ளைத் துணியைக் குழலுக்குள் விட்டுப் பாருங்கள். துருவின் சிவப்பு தெரிந்தால் திரும்பத் துடைக்க வேண்டும்.

சாதாரண மோட்டார் எண்ணெய் தடவிவிட்டுச் சுடாதீர்கள். அது கருமருந்துக் கரியோடு சேர்ந்து தார்போல் கெட்டியாகும். ரெமிங்டன் இரண்டு மூன்று சிலிண்டர் சுட்டதுமே இறுகிப்போகிறது என்பவர்களும் அதன் மெல்லிய அச்சைக் கழற்றித் துடைத்து 6ஆம் கேள்வியின் கிரீஸைத் தடவி, சிலிண்டரின் முன்முகத்தை ஈரத்துணியால் துடைத்தால் தொடர்ந்து சுடலாம்.

11. ஆப்பை எவ்வளவு தூரம் அடிக்கணும்? ஒவ்வொரு தடவையும் குறி மாறுதே.

ஆப்பைக் கட்டைவிரலால் அழுத்தி, பிறகு பிளாஸ்டிக் சுத்தியால் லேசாக ஒரு தட்டுத் தட்டினால் போதும். அப்படியும் ஆழத்துக்கு ஆழம் சிலிண்டர் இறுகுவதும் குறி மாறுவதும் நடந்தால் குற்றம் ஆப்பில் இல்லை. அச்சுத்தண்டின் நுனி, குழலிலுள்ள குழியின் அடிவரை எட்டவில்லை. உபெர்ட்டி கோல்ட்களில் இது பரவலான குறை. நுனி முட்டாததால் ஆப்பு குழலைப் பின்னால் இழுத்துக்கொண்டே போகும், குழலும் சற்றே மேல்நோக்கிச் சாயும்.

சோதிப்பது எளிது. சிலிண்டரை எடுத்துவிட்டுக் குழலைப் பக்கவாட்டில் திருப்பி அச்சுத்தண்டில் அடிவரை தள்ளுங்கள். இப்போது மெதுவாக நேராக்குங்கள். குழலின் கீழ்ப்பகுதி பிரேமின் முகத்தோடு சரியாக உரசி நின்றால் நல்லது. பிரேமின்மேல் ஏறி இடித்தால் தண்டு குட்டை. அந்தக் குழியின் விட்டத்துக்கு ஓர் எஃகு வட்டுத் துண்டு வெட்டி அடியில் போடுங்கள். வேண்டியதைவிடத் தடிமனாகத் தொடங்கி, கீழ்ப்பகுதி பிரேமைத் தொடும்வரை கொஞ்சம் கொஞ்சமாக அரத்தில் தேயுங்கள். முடித்தபின் சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே 0.08 முதல் 0.15 மி.மீ. இருந்தால் அருமை, தடிமன் அளக்கும் தகடுகளால் பார்த்துக்கொள்ளலாம். இந்த ரிவால்வருக்குச் செய்யக்கூடிய சீரமைப்பிலேயே பலன் மிகுந்தது இதுதான். பிடியை மாற்றுவதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

12. இலக்குக்கு மேலயே போய் அடிக்குது. குறி காட்டியை எப்படிச் சரி பண்றது?

கோல்ட்டின் பின்குறி குதிரையின் மூக்கில் வெட்டிய பள்ளம், முன்குறி குட்டையான பித்தளை முளை. அன்று அதைத் தொலைவுக்கு அமைத்தார்கள், கிட்டத்தில் சுட்டால் மேலே போகும். முன்குறியை உயரமாக்கினால் குண்டு கீழே வரும். எவ்வளவு என்பதற்குக் கணக்கு உண்டு: குறி தவறிய அளவை இரண்டு குறிகளுக்கும் நடுவிலுள்ள தூரத்தால் பெருக்கி, இலக்கின் தூரத்தால் வகுக்க வேண்டும். 25 மீட்டரில் 15 செ.மீ. மேலே போகிறது, குறிகளுக்கிடையே 26 செ.மீ. என்றால், 15 × 26 ÷ 2500 = 0.156 செ.மீ. அதாவது ஏறக்குறைய 1.6 மி.மீ. உயர்த்த வேண்டும். கணக்கைவிட 1 மி.மீ. கூடுதலாக வைத்து, சுட்டுப் பார்த்துப் பார்த்துத் தேயுங்கள். தேய்த்ததைத் திரும்ப ஒட்ட முடியாது.

11ஆம் கேள்வியின் வேலையை முடிக்காமல் இதைத் தொடாதீர்கள். குழல் நிலையில்லாமல் குறியை நிலைப்படுத்த முடியாது.

13. குதிரை இழுக்க ரொம்ப கனமா இருக்கு. ஸ்பிரிங்கைத் தேய்ச்சு மென்மையாக்கலாமா?

கோல்ட் வகையில் முதலில் ஒரு தோல் வட்டை முதன்மை ஸ்பிரிங்குக்கும் அது உட்காரும் இடத்துக்கும் நடுவில் வைத்துத் திருகிப் பாருங்கள். இழுவை குறையும், பிடிக்காவிட்டால் எடுத்துவிடலாம். தேய்ப்பதானால் ஸ்பிரிங்கின் அகலத்தை நீளவாக்கில் மட்டும் தேய்த்து, கீறல் எதுவும் குறுக்கே விடாமல் மெருகேற்றுங்கள். குறுக்குக் கீறலில்தான் ஸ்பிரிங் ஒடியும். அளவுக்கு மீறி இளக்கினால் 9ஆம் கேள்வியின் தொல்லை இரட்டிப்பாகும், ஏனென்றால் கேப்பின் பின்னடியை அமுக்கிப் பிடிப்பது இந்த ஸ்பிரிங்தான்.

சிலிண்டரைச் சுற்றி ஒரு கோடு விழுந்திருந்தால், சிலிண்டரைப் பூட்டும் தாழ் சீக்கிரமே விழுந்து உரசுகிறது. அது பள்ளத்துக்கு முன்னுள்ள சரிவில்தான் விழ வேண்டும். தாழின் கால், குதிரையின் சிறு மேட்டில் ஏறி இறங்கும் நேரத்தைத் திருத்தும் நுண்ணிய வேலை அது. குதிரையின் பாதி நிலை, முழு நிலைப் பள்ளங்களையும் விசையின் நுனியையும் மட்டும் அனுபவமுள்ள துப்பாக்கிக் கம்மியரிடம் விடுங்கள். அங்கே தவறினால் துப்பாக்கி கை தொடாமலே வெடிக்கும். வீட்டில் எப்போதும் இருக்க வேண்டிய உதிரிகள் இரண்டு: தாழையும் விசையையும் தள்ளும் இரட்டைக்கால் ஸ்பிரிங், சிலிண்டரைச் சுற்றிவிடும் 'கை' என்ற உறுப்பின் ஸ்பிரிங். இவைதான் முதலில் ஒடிபவை.

14. புதுசைப் பழசு மாதிரி ஆக்கறது எப்படி?

நகலில் தாராளமாகச் செய்யலாம். எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கி, வெள்ளை வினிகர் நனைத்த துணியால் தேய்த்தால் நீலப்பூச்சு சில நிமிடங்களில் கரையும். வேண்டிய அளவு கரைந்ததும் சமையல் சோடா கலந்த தண்ணீரில் கழுவி உடனே எண்ணெய் தடவுங்கள். உறையில் உரசும் குழல்முனை, சிலிண்டரின் ஓரங்கள், கை படும் பின்பட்டை இவற்றில் அதிகம் கரைத்து, மூலைகளில் மிச்சம் விட்டால் இயல்பாக இருக்கும். பிடியின் பளபள வார்னிஷை நீக்கி, 220இல் தொடங்கி 400வரை உப்புத்தாளால் தேய்த்து, ஆளிவிதை எண்ணெயை மெல்லிய பூச்சாகப் பல நாள் ஏற்றினால் வால்நட் (அக்ரூட்) மரத்தின் வரிகள் உயிர்பெறும். பிடியைப் பிரேமில் மாட்டியே தேயுங்கள். தனியாகத் தேய்த்தால் ஓரம் தாழ்ந்துவிடும்.

அசல் பழம்பொருளில் இதில் எதையும் செய்யக் கூடாது. மிஞ்சியிருக்கும் நீலமும் படிந்த பழுப்பும்தான் அதன் மதிப்பு.

15. '1851 அசல் கோல்ட்'னு ஒண்ணு விக்கறாங்க. நகல் இல்லைன்னு எப்படித் தெரியும்?

முந்தைய கேள்வியில் சொன்னபடி பழசாக்கிய நகலை அசலென்று விற்பவர்கள் உண்டு. முதலில் இத்தாலிய முத்திரைகளைத் தேடுங்கள்: நட்சத்திரத்துக்குக் கீழே பி என் என்ற எழுத்துகள், சிறு கட்டத்துக்குள் ஆண்டைக் குறிக்கும் இரண்டு எழுத்துகள். ஏஏ என்றால் 1975, சிஏ என்றால் 2006. அரத்தால் தேய்த்து அழித்திருந்தால் அந்த இடம் சற்றே குழிந்து, வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் அலையலையாகத் தெரியும். பிடிக்குள்ளும் நெம்புகோலுக்கு அடியிலும் பார்க்க மறக்காதீர்கள். நகலின் திருகுகள் மெட்ரிக் மரை; ஒரு திருகைக் கழற்றி மரை அளவியை வைத்தாலே பல ஏமாற்றுகள் வெளிப்படும்.

அசலில் குழல், பிரேம், விசைக்காப்பு, பின்பட்டை, சிலிண்டர், ஆப்பு எல்லாவற்றிலும் ஒரே வரிசை எண் பொறித்திருக்கும். ஆப்பு மாறியிருப்பது சகஜம், சிலிண்டர் மாறியிருந்தால் விலை வெகுவாக இறங்கும். நேவியின் சிலிண்டரில் 1843 மே 16இல் டெக்சஸ் கடற்படை பங்கெடுத்த காம்பெச்சே கடற்போர்க் காட்சி உருட்டிப் பதித்திருக்கும். அது தேய்ந்திருக்கும் விதம் மற்றப் பகுதிகளின் தேய்மானத்தோடு ஒத்துப்போக வேண்டும்.

வாங்குவதற்கு முன் இன்னொன்று: பழம்பொருட்களில் அன்று நிரப்பிய மருந்து அப்படியே இருப்பது உண்டு, ஒரு நூற்றாண்டு கழிந்தாலும் உலர்ந்த கருமருந்து எரியும். ஒவ்வோர் அறையிலும் மரக்குச்சி விட்டு ஆழத்தைப் பாருங்கள். எதிலாவது குச்சி பாதியில் நின்றால் குதிரையைத் தொடாமல், சிலிண்டரைக் கழற்றித் தண்ணீரில் ஊற வைத்துவிட்டு, மிச்ச வேலையைக் கம்மியரிடம் கொடுங்கள்.

16. கன்வெர்ஷன் சிலிண்டர் போட்டு தோட்டா சுடலாமா?

சுடலாம், எஃகுப் பிரேமில் மட்டும். .44 நகலின் குழல் உண்மையில் 0.451 அங்குலத்தை ஒட்டியிருப்பதால் அதற்கு .45 கோல்ட் தோட்டாச் சிலிண்டர் பொருந்தும். தோட்டாவும் மென்மையான ஈயக்குண்டு போட்ட, அழுத்தம் குறைந்த வகையாக இருக்க வேண்டும். கடையில் அதைக் கௌபாய் தோட்டா என்று கேட்டால் கிடைக்கும். .36க்கு .38 ஸ்பெஷல் சிலிண்டர் உண்டு. ஆனால் குழல் அகலமானது என்பதால் அடிப்பகுதி குழிந்த குண்டு போட்டால்தான் விரிந்து குழலுக்குள் வெட்டிய சுழல்வரியைப் பிடிக்கும். இது வரலாற்றுக்குப் புறம்பானதும் இல்லை. பின்னால் திறந்த சிலிண்டருக்கான ரோலின் வைட்டின் காப்புரிமை 1869இல் முடிந்ததும் கோல்ட் நிறுவனமே தன் பழைய ரிவால்வர்களைத் தோட்டாவுக்கு மாற்றி விற்றது.

ஒரே ஒரு எச்சரிக்கை. 4ஆம் கேள்வியில் சொன்ன 'பழம்பொருள்' சலுகை முன்பக்கம் நிரப்பும் நிலைக்குத்தான். தோட்டாச் சிலிண்டர் பொருந்திய நகலை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் சாதாரணத் துப்பாக்கியாகவே கருதும், சில மாநிலங்களில் இன்னும் கடுமை. மாற்றியமைத்த நிலையில் அதை விற்பதற்கு முன் பழைய சிலிண்டரைத் திரும்ப மாட்டி, கன்வெர்ஷனைத் தனியாக வைத்துவிடுங்கள்.